மாக்கம்பாளையத்துக்கு ஒரு சைக்கிள் பயணம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

பருவத் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் திங்கட்கிழமை. என் வகுப்புத் தோழனோ இரண்டு வாரமாகக் கல்லூரிக்கு வரவில்லை. அவன் ஊர் மாக்கம்பாளையம். சத்தியமங்கலம் வட்டம், கடம்பூருக்கும் அப்பால். மழையால் பேருந்து கடம்பூரோடு நின்றுவிட்டது. கைப்பேசியில் கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. தோழர்கள் சேர்த்த பணத்தையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை புறப்பட்டேன். பிளஸ் ஒன் படிக்கையில் அரசு கொடுத்த சைக்கிள். கியர் என்ற பேச்சே கிடையாது.

"ஆனை திரியற காட்டுக்குத் தனியாப் போகோணுமா சாமி?" என்றார் அம்மா, மல்லிகை பறிக்கக் கிளம்பிக்கொண்டே. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. வெயில் ஏறிய பிறகே மலையேறுவதாகச் சத்தியம் செய்தேன்.

கே.என்.பாளையம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிற்று. அப்பப்பா! சாய்தளத்தின் நீளம் கூடினால் விசை குறையும் என்று படித்தோமே, அதை நம்பிச் சாலையின் குறுக்கே பாம்புபோல் வளைந்து வளைந்து மிதித்தேன். விசை குறைந்தது உண்மைதான், வேலை குறையவில்லை! பாதி மலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

கடம்பூருக்கு அப்பால் போகப் போகத் தார் மறைந்தது. சேறு மட்கார்டில் அடைத்துக்கொள்ளும்; குச்சியால் நோண்டிவிட்டு நாலு மிதி மிதித்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என இரண்டு காட்டாறுகள். விண்ணப்பத்தைத் தலைத்துண்டுக்குள் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கி, முழங்காலளவு செந்நீரில் இறங்கினேன். பெயரில்தான் சர்க்கரை!

தோழன் மக்காச்சோளக் காட்டில் நின்றான். அவன் அப்பாவுக்குக் கால் முறிந்திருந்தது. இரவெல்லாம் பரணில் யானைக்காவல் இவனுக்கு.

"எங்க குடும்பத்துல காலேஜுக்கு வந்தவன் நான் ஒருத்தன்தான். இந்த வருசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்டா" என்றான். என்ன சொல்வது? என் வீட்டிலும் நான்தான் முதல் ஆள். படிப்பு முடிந்தால் வேலை கிடைக்கும் என்று அவனுக்கு நான் எப்படி உறுதி சொல்வேன்? அன்றிரவு அவனோடு பரணில் ஏறித் தகரம் தட்டினேன். நாங்கள் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. விடிந்ததும் சைக்கிள் இருக்கைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தேர்வன்று மணி அடித்தபோது அவன் இடம் காலியாக இருந்தது. வினாத்தாளில் என் கண் ஓடவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கதவருகே நிழல் விழுந்தது. காற்சட்டையில் முழங்கால்வரை காய்ந்த சேறு. உள்ளே வந்தவன், என்னைப் பார்த்து, "பேனா இருக்கா?" என்று சைகை செய்தான்.