ஒற்றை மட்டைச் சிறுவன்

பை சுமக்கும் வேலையில் தொடங்கி ஐரோப்பிய கோல்ஃபின் தலையெழுத்தை மாற்றிய செவே பாலெஸ்டெரோஸின் கதை

கோல்ஃப் மைதானத்தில் எப்போதும் இரண்டு விதமான ஆட்கள் இருப்பார்கள். பந்தை அடிப்பவர்கள் ஒரு ரகம். அவர்களுடைய பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்கும் ‘கேடி’கள் இன்னொரு ரகம். வடக்கு ஸ்பெயினில், சான்டான்டர் நகருக்கு எதிரே, விரிகுடாவின் அக்கரையில் இருக்கிறது பெட்ரேன்யா கிராமம். அங்கே 1957 ஏப்ரல் 9 அன்று பிறந்த செவரியானோ பாலெஸ்டெரோஸ் இரண்டாவது ரகம். அப்பா பால்டொமேரோ விவசாயி. ஊரில் இருந்த கோல்ஃப் கிளப்போ பணக்காரர்களுடையது. கிராமத்துப் பையன்கள் அங்கே பை தூக்கலாம். நினைத்தபோது ஆட முடியாது.

ஆனால் ஆட்டம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாய்மாமன் ரமோன் சோட்டா ஸ்பெயினின் முன்னணி ஆட்டக்காரர். 1965-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆறாம் இடம் பிடித்தவர். மூன்று அண்ணன்களும் கோல்ஃபையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான மானுவல், தம்பி செவேவுக்கு ஒரு மட்டையைக் கொடுத்தார். அது மூன்றாம் எண் ‘அயர்ன்’.

அந்த ஒற்றை மட்டையில்தான் இருக்கிறது எல்லாமே. ஆட்டக்காரர் ஒருவர் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் முகச் சரிவும் ஒவ்வொரு விதம். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒன்று. மூன்றாம் எண் மட்டை, பந்தைத் தாழ்வாக நெடுந்தூரம் அனுப்புவதற்கானது. மணலில் புதைந்த பந்தை அதைக் கொண்டு மேலே எழுப்புவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பெட்ரேன்யா கடற்கரையில் அந்தச் சிறுவன் அதைத்தான் செய்து பழகினான். மட்டையின் முகத்தைத் திருப்பி வைத்தும், பிடியை மாற்றியும், மணிக்கட்டைத் தளர்த்தியும், ஒரே மட்டையில் பல மட்டைகளின் வேலையை வாங்கினான். இருட்டிய பிறகு கிளப் மைதானத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து நிலா வெளிச்சத்தில் ஆடினான். பந்து போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அடிபட்ட சத்தத்தையும் கையில் ஏறும் அதிர்வையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். வறுமை நடத்திய பள்ளிக்கூடம் அது. ஆனால் வாத்தியார் கெட்டிக்காரர்.

செவே 16 வயதில், 1974-இல், தொழில்முறை ஆட்டக்காரரானார். இரண்டே ஆண்டுகளில், இங்கிலாந்தின் ராயல் பர்க்டேலில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தது 19 வயதான, யாரும் கேள்விப்படாத இந்த ஸ்பானியர். கடைசி நாளில் அமெரிக்காவின் ஜானி மில்லர் முந்திக்கொண்டார். ஆனால் கூட்டம் நினைவில் வைத்துக்கொண்டது செவேயின் ஓர் அடியைத்தான். கடைசிக் குழியில், இரண்டு மணல் பள்ளங்களுக்கு நடுவே இருந்த குறுகிய தடத்தில் பந்தை உருட்டிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் பந்தைப் பள்ளங்களுக்கு மேலாகத் தூக்கி அடித்திருப்பார்கள். அன்று ஜாக் நிக்லாஸுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

மூன்றாண்டு கழித்து, 1979-இல், ராயல் லிதம் மைதானத்தில் அதே கோப்பையை வென்றார். 16-ஆம் குழியில் அவர் அடித்த பந்து, தற்காலிகமாகக் கார்களை நிறுத்தியிருந்த இடத்தில் போய் விழுந்தது. அங்கிருந்தும் ஒரு ஸ்ட்ரோக் மிச்சம் பிடித்தார். ‘கார் நிறுத்துமிட சாம்பியன்’ என்று சிலர் ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1980-இல், 23 வயதில், மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற முதல் ஐரோப்பியரானார். 1983-இல் மீண்டும் மாஸ்டர்ஸ். 1984-இல் கோல்ஃபின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓபன். கடைசிக் குழியில் பந்து தயங்கித் தயங்கி உள்ளே விழுந்ததும் முஷ்டியைத் திரும்பத் திரும்ப உயர்த்திச் சிரித்தாரே, அந்த உருவமே பிற்காலத்தில் அவருடைய சின்னமாயிற்று. 1988-இல் மீண்டும் லிதம். கடைசிச் சுற்றில் 65 ஸ்ட்ரோக்குகள். ஐந்தாவது பெரிய பட்டம். அப்போது வயது 31. அதுவே கடைசிப் பெரிய பட்டமாகவும் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

பட்டங்களைவிடப் பெரிய மாற்றம் ரைடர் கோப்பையில் நிகழ்ந்தது. அமெரிக்காவுக்கும் பிரிட்டன்–அயர்லாந்துக்கும் இடையே நடந்துவந்த அந்தப் பந்தயம் ஒருதலைப்பட்சமாகிப் போனதால், 1979 முதல் ஐரோப்பாக் கண்டத்து ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த முதல் அணியில் இடம் பெற்ற இரண்டு கண்டத்துக்காரர்களும் ஸ்பானியர்கள்: அன்டோனியோ கரிடோவும் செவேயும். 1981-இல் செவே அணியில் இல்லை. காரணம், பணமும் மானமும். ஐரோப்பாவுக்கு ஆட வரும் அமெரிக்கர்களுக்கு வந்ததற்கே பணம் கொடுக்கும்போது, கூட்டத்தைக் கூட்டும் தனக்கு ஏன் இல்லை என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நிர்வாகிகளுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

1983-இல் அணித் தலைவர் டோனி ஜாக்லின் அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தார். அமெரிக்க மண்ணில் நடந்த அந்தப் பந்தயத்தில் ஐரோப்பா ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. சோர்ந்து உட்கார்ந்திருந்த சகாக்களிடம், இது தோல்வி அல்ல, வெற்றியின் தொடக்கம் என்று வாதாடியவர் செவே. சொன்னது பலித்தது. 1985-இல் 28 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை கைமாறியது. 1987-இல் அமெரிக்காவிலேயே அமெரிக்கா தோற்றது. செவேவுக்கு இணையாக ஆடியவர் ஹோசே மரியா ஒலாசாபல். அவரும் சீமான் வீட்டுப் பிள்ளை அல்ல. மைதானத்தில் புல்லைப் பராமரித்த தொழிலாளியின் மகன். இருவரும் சேர்ந்து ஆடிய 15 ஆட்டங்களில் 11 வெற்றி, தோல்வி இரண்டே.

மைதானத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தவரின் கோபம் செவேயிடம் கடைசிவரை இருந்தது. எதிராளியைப் பார்வையாலேயே கலங்கடிப்பார். தானே ஒரு காலத்தில் பை சுமந்தவர் என்றாலும், தன் பையைச் சுமந்தவர்களிடம் கடுமையாக நடந்துகொள்பவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. இந்த முரணுக்கு அவரை நேசித்தவர்களும் விளக்கம் தேடவில்லை.

1986 மார்ச்சில் அப்பா இறந்தார். அடுத்த மாதமே மாஸ்டர்ஸ். அண்ணன் விசென்டே பை சுமக்க, கடைசி நாளில் முன்னணியில் இருந்த செவே, 15-ஆம் குழியில் பந்தைக் குளத்தில் அடித்தார். பட்டம் 46 வயது நிக்லாஸுக்குப் போயிற்று. மறு ஆண்டு அதே மைதானத்தில், சமநிலையை முறிக்கும் ஆட்டத்தின் முதல் குழியிலேயே வெளியேறினார். மேட்டில் ஏறி கிளப் கட்டடத்துக்குத் திரும்பும்போது அழுதார்.

உண்மையான வீழ்ச்சி பிறகு வந்தது. இளம் வயதிலேயே தொடங்கிய முதுகுவலி முற்றியது. 1995-இல், 38 வயதில், ஸ்பானிஷ் ஓபனை வென்றார். ஐரோப்பியச் சுற்றுப் போட்டிகளில் அது அவருடைய 50-ஆவது வெற்றி. யாரும் எட்டாத சாதனை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பந்து நேராகப் போகவில்லை. பயிற்சியாளர் மாற்றிப் பயிற்சியாளரிடம் போனார். ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். ஆனால் செவேயின் ஆட்டம் யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தது அல்ல. கடற்கரை மணலில் தானாக முளைத்தது. அது கைநழுவியபோது, திரும்பிப் புரட்டிப் பார்க்க ஒரு பாடப் புத்தகமும் இல்லை. தெரியாமல் வந்த வித்தையைத் தெரிந்தவர்களால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. 1997-இல், ஐரோப்பாக் கண்டத்தில் முதல்முறையாக, ஸ்பெயினின் வால்டெர்ராமாவில் ரைடர் கோப்பை நடந்தபோது, அணித் தலைவராக வென்று காட்டினார் என்பது ஓர் ஆறுதல்.

2007-இல் ஓய்வை அறிவித்தார். 2008 அக்டோபரில் மாட்ரிட் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி. அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள். 2011 மே 7 அன்று, பிறந்த அதே பெட்ரேன்யாவில், 54 வயதில் காலமானார்.

மறு ஆண்டு சிகாகோ அருகே மெடினாவில் நடந்த ரைடர் கோப்பையில் ஐரோப்பிய அணிக்குத் தலைவர் ஒலாசாபல். கடைசி நாள் காலையில் 6–10 என்று பின்தங்கியிருந்த அணி, செவே ஞாயிற்றுக்கிழமைகளில் விரும்பி அணிந்த நீலம்–வெள்ளை உடையில் களம் இறங்கி, 14½–13½ என்று வென்றது. கேமராக்களுக்கு முன்னால் ஒலாசாபல் கண்ணீரை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

2017-இல் செர்கியோ கார்சியாவும் 2023-இல் ஜான் ராமும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற நாள், இரண்டு முறையும், ஏப்ரல் 9, செவேயின் பிறந்தநாள். ஸ்பானியர்கள் அதைத் தற்செயல் என்று சொல்ல மனம் ஒப்பமாட்டார்கள். 2015-இல் சான்டான்டர் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர் மின்னும் கட்டடத்துக்கு எதிரே, விரிகுடாவைத் தாண்டினால், பழைய கடற்கரை. அங்கே ஆட அன்று யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.