பூட்டில்லாத அறைக்கதவு

2007 அக்டோபர், சான் பிரான்சிஸ்கோ. ஊரில் வடிவமைப்பாளர் மாநாடு, ஓட்டல்களில் இடமில்லை. பிரையன் செஸ்கிக்கும் ஜோ கெபியாவுக்கும் வாடகை கட்டக் கையில் காசில்லை. தங்கள் ஃபிளாட்டில் காற்று மெத்தைகளை விரித்து மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். வீட்டையோ அறையையோ சில நாளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் தொடக்கம் அது. நான் அடிக்கோடிட்டு வைத்தது: இடம் கொடுத்தவர்களும் அதே வீட்டில்தான் குடியிருந்தார்கள்.

*

நியூயார்க், உள்ளூர்ச் சட்டம் 18. இயற்றியது 2022, கண்டிப்பாக அமலுக்கு வந்தது 2023 செப்டம்பர் 5. முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டில் ஆள் தங்கவைக்க மாநகராட்சியில் பதிவு எண் வாங்கவேண்டும். கட்டணம் 145 டாலர். எண் இல்லாத வீட்டுக்கு ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் பணம் வாங்கித் தரக்கூடாது. மீறும் வீட்டுக்காரருக்கு 5,000 டாலர் வரை அபராதம்.

*

நியூயார்க்கில் விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. அவர்கள் இருக்கும்வரை வீட்டுக்காரரும் அங்கேயே தங்கவேண்டும். அறைகளைச் சாவி போட்டுப் பூட்டக்கூடாது.

பூட்டு விதி முதலில் எனக்குக் கடுமையாகப் பட்டது. பிறகு புரிந்தது. தீப்பிடித்தால் எந்த அறை வழியாகவும் ஓடித் தப்பவேண்டும். இன்னொன்று: சாவியோடு தனியே விடும் அறை ஓட்டல் அறை; திறந்திருக்கும் அறை குடித்தனத்தின் பகுதி. ஒரே அடுப்பு என்றால் ஒரே குடித்தனம் என்போம் நாம். அங்கே கதவைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

*

சான் பிரான்சிஸ்கோவில் வருடத்துக்கு 275 இரவாவது அந்த வீட்டில் வசிப்பவருக்குத்தான் பதிவு. அவர் ஊரில் இல்லாதபோது விடலாம், 90 இரவு வரை. இரண்டையும் கூட்டினால் 365. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

*

பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே. சுற்றுலாக் குடியிருப்புகளின் 10,101 உரிமங்களையும் 2028-க்குள் முடித்துவிடப்போவதாக மேயர் ஜௌமே கொல்போனி 2024-இல் அறிவித்தார். குடியிருக்க வீடு கிடைக்காதவர்களின் பக்கம் நின்று எடுத்த முடிவு.

*

நியூயார்க் விதியில் ஒரு இடத்தில் என் மனம் ஒப்பவில்லை. இரண்டு குடித்தன வீட்டில் மாடியில் தான் இருந்துகொண்டு கீழ்ப்பகுதியை நாலு நாளைக்கு விடுபவருக்கும் அனுமதி கிடையாது. புரூக்ளினிலும் குயின்ஸிலும் அப்படிப்பட்டவர்கள் தளர்வு கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆளில்லாத பத்து வீடுகளைக் கைவசம் வைத்திருப்பவரோடு அவரைச் சேர்த்து எண்ணக்கூடாது. நடுராத்திரி குழாய் உடைந்தால் மாடியிலிருந்து இறங்கி வரப்போகிறவர் அவர்தான்.