பிஸ்தாரே, பிஸ்தாரே

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் பாதையில் அடிக்கடி காதில் விழும் நேப்பாளச் சொல், ‘பிஸ்தாரே’. மெதுவாக என்று பொருள். சுமை தூக்கி வருபவரும் சொல்வார், தேநீர் விடுதிப் பாட்டியும் சொல்வார். அங்கே அதைவிட நல்ல மருந்து இல்லை.

நம்மில் பலர் 4,095 மீட்டர் கினபாலு மலையை இரண்டே நாளில் ஏறி இறங்கியிருப்போம். ஆனால் கினபாலுவில் உச்சியைத் தொட்ட கையோடு இறங்கிவிடுகிறோம். இங்கோ அந்த உயரத்தையும் தாண்டிப் பல இரவுகள் தூங்க வேண்டும். 5,364 மீட்டரில் உள்ள முகாமில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

உடல் பழக நாள் பிடிக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரில் பயணிகள் இரண்டு இரவு தங்குவது இதற்காகத்தான்.

தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும்.

வானொலியில் குரலோடு வாழ்வதால் என் காதுக்குக் கொஞ்சம் கூர்மை அதிகம். 4,410 மீட்டரில் உள்ள திங்போச்சேயில், இரவு உணவின்போது எங்கள் குழுவில் ஒருவரின் சொற்கள் தேய்ந்து ஒலித்தன. வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் நண்பரை எழுப்பி, குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். நான்கு எட்டு வைக்க முடியவில்லை.

“ரெண்டு வருஷம் காசு சேர்த்து வந்தேன், ஒரு நாள் பார்ப்போமே” என்று மன்றாடினார் நண்பர்.

“மலை இங்கேயேதான் இருக்கும்” என்றார் வழிகாட்டி.

அந்த இரவே கைவிளக்கோடு மூவரும் பாங்போச்சேவுக்கு இறங்கினோம். காலையில் நண்பர் பசிக்கிறது என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. முகாமை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: உங்கள் காப்புறுதி எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் குடிநீரை 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வரப்படுவது. பருப்பும் சோறும் போதும். பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவர்கள், பயணப் பருவத்தில் உயர நோய் பற்றி விளக்கக் கூட்டம் நடத்துகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். நம் பேச்சு குழறுவது நம் காதுக்குக் கேட்காது.