வலியும் வெட்கமும்

உடலால் உழைத்துப் பிழைக்கிறவனுக்கு வலி புதியதன்று. மூட்டை சுமந்தவனிடம் முதுகும், கூரையேறியவனிடம் முழங்காலும் என்றேனும் ஒருநாள் கணக்குக் கேட்கும். நம் ஊரில் அத்தகையவன் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறான். அமெரிக்க நாட்டிலோ, மருத்துவர் எழுதிக்கொடுத்த அபினி வகை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனான். அதனால் வந்த விளைவைச் சில ஆண்டுகளாகவே நாங்கள் படித்து வருகிறோம். தொலைதூரத்துச் செய்தி என்று ஒதுக்க மனம் வரவில்லை.

1996-ஆம் ஆண்டில் ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லியே அதனை விற்றார்கள். அது தவறான பிரசாரம் என்று, பர்டூ நிறுவனத்தோடு இணைந்த கம்பெனியே 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது. மாத்திரை கிடைக்காதபோது சிலர் ஹெராயினைத் தேடினர். பின்னர், மார்ஃபினைப்போல் நூறு மடங்கு வலிமையுள்ள ஃபென்டனில் கள்ளச்சந்தையை நிறைத்தது. 2022-இல் அளவுமீறிய மருந்தாலும் போதைப்பொருளாலும் அந்நாட்டில் மாண்டவர் ஏறத்தாழ 1,08,000 பேர். அவர்களில் நால்வரில் மூவருடைய சாவில் அபினி வகைக்குப் பங்குண்டு. 2024-இல் மொத்தத் தொகை ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தது. நிம்மதி கொள்ளத்தக்க எண்ணா அது?

மாசசூசெட்ஸ் மாநில அரசு 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை இவ்வாறு இறந்த தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கட்டட வேலை போன்ற தொழில் செய்தவர். அவர்களது இறப்பு விகிதம் எல்லாத் தொழிலாளருடைய சராசரியைப்போல் ஆறு மடங்கு. காயம் மிகுந்த தொழில்களிலும், சம்பளத்தோடு நோய்விடுப்பு அரிதான தொழில்களிலும் சாவு மிகுதி என்றும் அவ்வாய்வு கண்டது. ஒழுக்கக்கேடு என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்போர் இந்த இடத்தை இருமுறை படிக்கவேண்டும். படுத்தால் கூலி இல்லை, ஆகவே மாத்திரை. மாத்திரையைப் பற்றி மேஸ்திரியிடம் வாய் திறந்தால் வேலையே இல்லை, ஆகவே மௌனம்.

அந்த மௌனத்தில்தான் சாவு நேர்கிறது. மருந்து மிகும்போது, மூச்சு விடு என்று மூளை இடும் கட்டளை தளர்ந்துபோகும். ஆள் உறங்குவதுபோலவே இருப்பான். தொண்டையில் களகளவென்று குறட்டை, உதடும் நகமும் நீலம் பாயும், கண்மணி குண்டூசித் தலைபோல் சுருங்கும், தட்டினாலும் எழான். “களைப்பு, தூங்கட்டும்” என்று கதவைச் சாத்திவிடும் அன்பு எத்தனையோ வீடுகளில் எமனாக முடிந்திருக்கிறது.

இதற்கு மாற்று மருந்து உண்டு. நலோக்சோன் என்பது அதன் பெயர். 1961-இல் காப்புரிமை கோரப்பட்டு, 1971-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. மூக்கில் பீய்ச்சினால் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்பக்கூடும். அபினி வகை உடலில் இல்லாதவனுக்குத் தவறிக் கொடுத்தாலும் பெருந்தீங்கில்லை. ஆயினும் அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களே. பின்பு மீண்டும் மூச்சடங்கலாம். எனவே ஆம்புலன்ஸை அழைப்பதும், அது வரும்வரை அருகிருந்து மூச்சூட்டுவதும் தவிர்க்கலாகாதவை. இதனைக் கண்டுபிடித்த இருவருள் ஒருவர் ஜாக் ஃபிஷ்மன். அவருடைய மனைவியின் முதல் மணத்து மகன் 2003-இல் ஹெராயினால் இறந்தான். மருந்து உலகில் இருந்தால் போதாது. விழுந்தவன் பக்கத்தில் இருக்கவேண்டும்.

வட கரோலினா மாநிலத்தில், மலையடிவாரத்தில் வில்க்ஸ் என்றொரு வட்டம் உண்டு. மக்கள் சுமார் 70,000. அங்கே மரணப்படுக்கையில் இருப்போரைப் பேணும் இல்லமொன்றில் ஆன்மீகப் பணியாற்றிய ஃபிரெட் பிரேசன் என்பவர், நோயாளிக்கென்று தந்த வலிமருந்து வீட்டாரிடையே கைமாறுவதைக் கண்டார். அவரும் ஊராரும் மருத்துவர்களும் சேர்ந்து தொடங்கிய திட்டத்துக்கு லாசர் பெயரையே சூட்டினார்கள். லாசரை உயிர்ப்பித்தவர் ஆண்டவரே. கல்லைப் புரட்டியதும் கட்டவிழ்த்ததும் சுற்றி நின்றவர்கள் அன்றோ! அவர்கள் செய்தவை எளியவை. மாத்திரையைப் பூட்டிவைக்கப் பெட்டி, மீந்ததைத் திருப்பிக் கொடுக்க ஓரிடம், அளவறிந்து எழுத மருத்துவர்களுக்குப் பயிற்சி, ஆபத்துள்ள நோயாளியின் வீட்டுக்கு நலோக்சோன். அவ்வட்டத்தில் இத்தகைய சாவு 2009-இல் இலட்சத்துக்கு 46.6; மறு ஆண்டே 29 ஆயிற்று.

எங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் புற்றுநோயால் வருந்தியபோது மார்ஃபின் மாத்திரைகள் எண்ணித் தரப்பட்டன. அவர் மறைந்த பின் வீட்டுக்கு வந்த செவிலித்தாய் மீந்தவற்றை எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்போது அது எங்களுக்கு வீண் சடங்காகவே தோன்றியது. அந்த மருந்தே அவருக்கு இறுதி வாரங்களில் உறக்கம் தந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். நம் நாட்டில் புற்றுநோயாளர் பலருக்கு மார்ஃபின் கிட்டாமையே குறை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையை 2014-இல் தளர்த்தியதும் அதற்காகவே. அமெரிக்கச் செய்தியைக் கேட்டு அஞ்சி, வேதனையில் துடிப்பவருக்கு மருந்தை மறுப்பது கொடுமை.

தொழிலிடங்களும் மெல்ல விழித்துக்கொண்டன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், தொழிலாளி வேலையிடத்தில் இவ்வாறு விழக்கூடும் என்று அறிந்த முதலாளி நலோக்சோன் பெட்டியும் பயிற்சி பெற்ற ஆளும் வைத்திருக்கவேண்டும் என்பது 2023 ஜூன் முதல் சட்டம். அலுவலக அலமாரியில் பூட்டிவைத்த பெட்டி இரவு முறைக்காரனுக்கு உதவாது. முதலுதவிப் பெட்டியருகே, எல்லாரும் அறிந்த இடத்தில் அது இருக்கவேண்டும். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவனைக் குறித்து இன்னும் விழிப்பு வேண்டும். சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு பொறுத்த அதே அளவு இப்போது கொன்றுவிடும். அதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்ல, அங்குள்ள கட்டடத் தொழிற்சங்கங்கள் சிலவற்றில் தாமே அப்பழக்கத்திலிருந்து மீண்ட தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்கள் மதிய உணவு வேளையில் அவனருகே போய் உட்கார்ந்து, முதுகுவலி எப்படியிருக்கிறது என்று கேட்கிறார்கள்.