வேலுக்குப் பின்னால்

பாலையூற்றுக்காரருக்கு யாத்திரிகர் புதிதல்ல. எங்கள் லூர்து மாதா கோயிலுக்கே எங்கெங்கிருந்தோ சனம் வரும். ஆனால் செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டுக் கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரையில் சேர்ந்து நடந்தபோதுதான், பலர் ஒரே வழியில் போக எவ்வளவு பக்குவம் வேண்டும் என்று விளங்கியது.

1983க்குப் பிறகு நின்றுபோன இந்த நடை 1988இல் திரும்பத் தொடங்கியது. வேல் முன்னே போகும்; அதை ஒருவரும் முந்துவதில்லை. பக்தி ஒருபுறமிருக்க, கால் வலுவுள்ள பொடியன்கள் ஓடிப்போய் ஆச்சிமார் தனித்துவிடாமல் காப்பதும் அந்த வழக்கம்தான். பெயர் கேட்பதில்லை, எல்லாரும் எல்லாருக்கும் 'சாமி'. "சாமி, கொஞ்சம் ஒதுங்குங்கோ" என்றால் யாருக்கும் கோபம் வராது. தார் றோட்டில் லொறிக்குப் பயந்து ஓரமாக, வரிசையாக நடப்போம். கடைசி ஆளின் கையில் டோர்ச் இருக்கும்.

ஓகந்தை முருகனைத் தாண்டினால் குமண, யாலக் காடுகள். அங்கே வழி யானைக்கும் கரடிக்கும் சொந்தம். கரடி திடுக்கிட்டால் பாயும் என்பதால், பற்றைக்காட்டில் அரோகரா சொல்லிக்கொண்டே போவது நல்லது. ஒதுங்கப் போகிறவரும் துணையோடுதான் போக வேண்டும். இருட்டமுன் தங்கிவிட வேண்டும்.

கும்புக்கன் ஆற்றில் ஒரு அம்மா மணலைக் கையால் தோண்டினார். முதலில் ஊறியது கலங்கல். அதை இறைத்து ஊற்றிவிட்டு, தெளியும்வரை குந்தியிருந்து, சிரட்டையால் பக்கத்துப் பிள்ளைக்கு வார்த்தபின்தான் தன் போத்தலை நிரப்பினார். அந்தக் குழிக்குக் கிட்டச் சவர்க்காரம் கொண்டுபோனவரை ஆற்றின் கீழ்ப்பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

கனடாவிலுள்ள என் மச்சாள் பனிக்காலத்தில் அகலச் சப்பாத்துப் பூட்டிக் காட்டுவழி நடக்கிறவள். பனிச்சறுக்குக்காரரின் தடத்தை மிதித்துக் குழப்பாமல் ஓரமாக நடப்பதுதான் அங்கே முதல் மரியாதையாம். எங்கள் வழியில் குழம்புவது காட்டின் வயிறு. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு வருடங்களில் இருபது யானைகளளவில் பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022இல் செய்தி வந்தது. அதை வாசித்த பிறகும் பிஸ்கட் உறைகளைப் பாதையோரம் வீசுகிறோமே, எப்படி மனம் வருகிறது? காட்டுக்குள் போகும் ஒவ்வொரு போத்தலையும் ஓகந்தையில் பதிந்து, மறுபக்கம் கட்டகாமத்தில் வெறும் போத்தலாகத் திருப்பிக் காட்டச் செய்ய வேண்டும். கூட்டங்களை நடத்திச் செல்லும் பெரிய சாமிமார் நினைத்தால் அடுத்த ஆடியிலேயே தொடங்கலாம்.