பதின்மூன்று டன் சிரிப்பு

வெளியூர் கிளம்பும் புருஷன் பெட்டியைக் கட்டினால் போதும். கிளம்புகிறவள் பெண்டாட்டியாக இருந்தாலோ, வீட்டையே கட்டி வைத்துவிட்டல்லவா போக வேண்டியிருக்கிறது! அமெரிக்காவுக்குப் புறப்படுமுன் நான் நாலு பக்கத்துக்கு ஒரு ஜாபிதா எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். பால்காரர் கணக்கு, பாப்பாவின் இருமல் மருந்து, எந்தக் கிழமைக்கு எந்தச் சீருடை எல்லாம் அதில் உண்டு.

ஓஹையோ ராஜ்யத்தில் உள்ள டேட்டன் நகரம் வந்து சேர்ந்த மறுநாள் காலை, சென்னைக்குப் போன் செய்தேன். அங்கே மாலை ஆறு மணி. பள்ளிக்கூடமே நீலச் சீருடையில் வந்திருக்க, என் மகள் மட்டும் வெள்ளைச் சீருடையில் கொக்கு மாதிரி போய் நின்றாளாம்.

“நீ எழுதினபடிதானே செய்தேன்?” என்றார் என் கணவர், மிகுந்த பெருமிதத்துடன்.

புதன்கிழமை என்று எழுத வேண்டியதைச் செவ்வாய்க்கிழமை என்று எழுதித் தொலைத்திருக்கிறேன்! எட்டாயிரம் மைலுக்கு இப்பால் நின்றுகொண்டு யாரைக் கோபித்துக்கொள்வது?

டேட்டனில் என் பெரியம்மா பெண் இருக்கிறாள். வாசற்கதவைத் திறந்ததுமே, “வாடி வா, ஆனால் வலது பக்கம் பார்க்காதே!” என்றாள். பார்க்காதே என்றால் கண் அங்கேதானே போகும்? சோபாவின் மேல் துவைத்து மடிக்காத துணிகள் கோபுரம் மாதிரி குவிந்திருந்தன. நாங்கள் இருவரும் அதைச் சற்றே தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். துணிக்கு அடியிலிருந்து ஒரு காகிதம் நழுவி விழுந்தது. ஒரு மூலையில் சாம்பார்க் கறை.

“என்ன அக்கா இது?”

“ஒன்றுமில்லை. ஸ்கூலிலே டீச்சர் வேலைக்கு விண்ணப்பப் பாரம். ஆறு மாசமாய்ப் பூர்த்தி செய்யணும், பூர்த்தி செய்யணும் என்று...” அக்கா அதை மறுபடியும் துணிக்கடியில் செருகிவிட்டாள். கணக்கில் எம்.எஸ்ஸி. பட்டம் வாங்கியவள் அவள்.

டேட்டன் என்றால் எல்லாருக்கும் ரைட் சகோதரர்களின் ஞாபகம்தான் வரும். சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரும் ஆகாய விமானம் செய்தது இந்த ஊரில்தான். ஆனால் நான் வந்தது ஒரு கல்லைப் பார்க்க. “கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே காரை எடுத்தாள்.

முதலில் போனது நகரத்துக்குத் தெற்கே உள்ள சென்டர்வில். அங்கே குஷ்வா டிரைவ் என்று ஒரு தெரு. ஒன்றைப் பார்த்து ஒன்று கட்டினது போல் சாதாரண வீடுகள். அவற்றில் ஒன்றை 2015-ம் ஆண்டில் தேசிய சரித்திரச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். இப்போதும் குடியிருக்கும் வீடானபடியால், தெருவோடு பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அப்படி என்ன சரித்திரம்? யுத்தம் ஏதாவது நடந்ததா? மூன்று குழந்தைகள் வளர்ந்த வீட்டில் யுத்தம் நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது! 1959-ல் இங்கே குடிவந்தவள் எர்மா பாம்பெக். படுக்கையறையில் சிமென்டுக் கட்டிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதையே மேஜையாக்கி எழுதினாள். எழுதியதெல்லாம் அழுக்குத் துணி, தூசி, பள்ளிக்கூட பஸ், மிச்சமான சாப்பாடு, பெற்ற பிள்ளைகளின் சாமர்த்தியம் இவைதான்.

இந்த அம்மாளின் வாழ்க்கை நேர் ரஸ்தாவாகப் போனதே இல்லை. 1927-ல் பிறந்தாள். ஒன்பது வயதில் தகப்பனார் போய்விட்டார். எழுத்தில் ஆசைப்பட்டு ஒரு கல்லூரியில் சேர்ந்தால், எழுத்தை மறந்துவிடும்படி அங்கே புத்திமதி சொன்னார்கள். கையிலிருந்த பணமும் தீர்ந்து ஊர் திரும்பினாள். இருபதாவது வயதில், பரம்பரையாக வரும் சிறுநீரக நோய் இருப்பதாக டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் டேட்டன் சர்வகலாசாலையில் சேர்ந்தாள். அங்கே ஓர் ஆசிரியர், உனக்கு எழுத வரும் என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சொல்லையே ஆயுள் முழுக்க முதலாக வைத்துப் பிழைத்தாள். 1949-ல் பட்டம், அதே வருஷம் கல்யாணம். குழந்தை பிறப்பது துர்லபம் என்று வைத்தியர்கள் கைவிரிக்க, 1953-ல் ஒரு பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்தாள். அதற்குப் பிறகு 1955-ல் ஒரு பிள்ளை, 1958-ல் இன்னொரு பிள்ளை! வைத்தியம் ஒரு பக்கம் போக, குழந்தைகள் தம் பாட்டுக்கு வந்து சேர்ந்தன.

கடைக்குட்டி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயம், 1964-ல், உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு எழுத ஆரம்பித்தாள். ஒரு கட்டுரைக்கு மூன்று டாலர். மறு வருஷம் டேட்டன் ஜர்னல் ஹெரால்டு அழைத்து, வாரத்துக்கு இரண்டு கட்டுரை, ஐம்பது டாலர் என்றது. சில வாரங்களுக்குள் தேசமெங்கும் 36 பத்திரிகைகள் அவளைப் போட்டன. பிற்காலத்தில் அது 900-ஐ எட்டியது. வாசகர்கள் மூன்று கோடிப் பேர்!

அந்நாளில் பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் வந்த அம்மாக்கள், கலையாத தலையுடன் கேக் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எர்மாவின் பக்கத்தைப் படித்தவர்களுக்கோ, ‘அப்பாடா, நம் வீடு மட்டும் இப்படி இல்லை’ என்று மூச்சு வந்தது. அடுப்பங்கரை விஷயம் எழுதுகிறவள்தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஆண் பெண் சமத்துவத்தை அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டுமென்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவள் அவள். 1982-ல் அந்த முயற்சி தோற்றது. அவள் எழுத்து நிற்கவில்லை.

சர்வகலாசாலையை ஒட்டினாற் போல ஒரு குன்று. அதன்மேல் 1841-ல் ஏற்படுத்திய உட்லண்ட் மயானம். மயானம் என்று பயப்பட வேண்டாம். பெரிய மரங்களுடன் நந்தவனம் போல் இருக்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும். ரைட் சகோதரர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பக்கத்தில் அவர்கள் தாயார் சூசன். வீட்டில் எது உடைந்தாலும் தானே ரிப்பேர் செய்யும் கைக்காரி அந்த அம்மாள். பிள்ளைகளின் கைத்திறமை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதல்லவா?

இன்னொரு சமாதியில் கல்லில் செதுக்கிய நாய் ஒன்று, கல் சிறுவன் ஒருவனை அணைத்துப் படுத்திருக்கிறது. 1860-ல் கால்வாயில் மூழ்கி இறந்த ஜானி மோர்ஹவுஸ் என்ற குழந்தை அவன். ஜனங்கள் இன்றும் அவனுக்குப் பொம்மையும் மிட்டாயும் வைத்துவிட்டுப் போகிறார்கள். குளிர்காலத்தில் கழுத்துக்குக் கம்பளித்துணி கூடச் சுற்றிவிடுவார்களாம். யார் பெற்ற பிள்ளையோ, குளிருமே என்று இருக்கிறது பார்க்கிறவர்களுக்கு. நானும் கைப்பையில் என் மகளுக்காக வாங்கி வைத்திருந்த மிட்டாயில் ஒன்றை வைத்தேன்.

கடைசியில் அந்தக் கல்லுக்கு வந்தோம். எர்மா கடைசிக் காலத்தில் அரிசோனா ராஜ்யத்தில் இருந்தாள். 1992-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. சிறுநீரகங்களும் கைவிட்டன. 1996 ஏப்ரல் 3-ம் தேதி மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். ஏப்ரல் 22-ம் தேதி காலமானாள். அவள் வாழ்ந்த பாலைவனத்திலிருந்து 29,000 பவுண்டு எடையுள்ள பாறை ஒன்றைக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று டன்னுக்கு மேல்! வரிசை வரிசையாக மழமழவென்று நிற்கும் கற்களுக்கு நடுவே, கரடுமுரடாக, ஒரு ஒழுங்கிலும் சேராமல் உட்கார்ந்திருக்கிறது அது. எனக்கு அக்கா வீட்டு சோபா ஞாபகம் வந்தது.

இருபது வயதிலிருந்தே உடம்புக்குள் ஒரு நோய் காத்திருப்பது தெரிந்தவள், முப்பது வருஷங்களுக்கு மேலாக வாராவாரம் மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள். சிரிப்பு என்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று இனி யாராவது சொன்னால், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அக்கா பாறையைத் தொட்டுக்கொண்டு கேட்டாள். “எழுத ஆரம்பித்தபோது இவளுக்கு எத்தனை வயசு என்றாய்?”

“முப்பத்தேழு.”

“எனக்கு முப்பத்தொன்பது.” சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “இரண்டு வருஷம்தான் லேட். இல்லை?” என்றாள்.

நான் வீட்டுக்குப் போன் செய்தேன். மாமியார் எடுத்தார். சீருடைக் கதையை மறுபடி ஆரம்பித்து என் தப்புக்கு நான் வருந்தியதும், “நீ அங்கே உன் கல்லைப் பார். இங்கே நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே, உனக்கென்ன கவலை?” என்றார். அடுத்தாற் போல் பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அம்மா, வெள்ளை டிரெஸ்ஸிலே போனேனா, எல்லாரும் நான்தான் லீடர்னு நினைச்சுட்டாங்க! அந்தக் கல்லு எவ்வளவு பெரிசு?”

“நம்ம வீட்டு ஹாலில் பாதி இருக்கும்.”

“எதுக்கு அவ்வளவு பெரிய கல்லு? அந்த அம்மா எழுந்து வந்துடுவாங்களா?”

“வந்தாலும் வருவாள், கண்ணு. அடுப்பிலே எதையோ வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்தால், எந்த அம்மாவும் எழுந்துவிடுவாள்.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் முகம் திடீரென்று மாறியது.

“ஐயையோ! பருப்பை வேகப் போட்டேனே, அடுப்பை அணைத்தேனோ?”

காரை நோக்கி ஓடினோம். வழியெல்லாம் அவள் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, பருப்பு தீய்ந்திருக்கும். மற்றொன்று, அந்தப் பாரத்தை இன்றைக்கே தேடி எடுக்க வேண்டும்.

பருப்பு தீயவில்லை, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பாரத்தைத்தான் ஒரு மணி நேரம் தேடினோம். அந்தச் சாக்கில் துணி முழுவதையும் மடித்தாகிவிட்டது.