அடிமுடி தேடிய கதையும் நிற்காத புரோகிராமும்

போன பௌர்ணமிக்குத் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. 14 கிலோமீட்டரும் என் முழங்கால் தாங்காது என்று தெரிந்தும் அவனோடு கிரிவலம் கிளம்பிவிட்டேன். அக்னிலிங்கம் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"மாமா, ஆபீஸ்ல ராத்திரி ஓடவிடுற புரோகிராம் சில நாள் விடிஞ்சும் ஓடிட்டே இருக்கு. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், அது முடியுமா, முடியாம சுத்திட்டே இருக்குமான்னு முன்னாடியே சொல்ற மாதிரி ஒண்ணு எழுதப்போறேன்" என்றான்.

"அது முடியாதுடா."

"கம்ப்யூட்டருக்கு வேகம் பத்தாதா?"

"எவ்வளவு வேகம் இருந்தாலும் முடியாது."

நான் வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வகையில் அவனுக்கு விளக்கினேன். அப்படி ஒரு புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஜோசியர் என்று பெயர். இப்போது நான் வம்பன் என்று ஒரு புரோகிராம் எழுதுகிறேன். வம்பன் தன்னைப் பற்றியே ஜோசியரிடம் கேட்கும். 'நீ நிற்பாய்' என்று பதில் வந்தால் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 'நிற்கமாட்டாய்' என்று வந்தால் உடனே நின்றுவிடும். ஜோசியர் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லும் ஜோசியர் இருக்கவே முடியாது. குறிப்பிட்ட ஒரு புரோகிராமை ஆராய்ந்து, இது நிற்கும் என்று நிரூபிக்கலாம். அத்தனைக்கும் பொதுவான ஒரே வழிதான் கிடையாது. இதற்கு அடிப்படையான உண்மையை 1936-ல், இன்றைய கம்ப்யூட்டர்கள் வருவதற்கு முன்பே, ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயர் நிறுவிவிட்டார்.

"ஓடவிட்டுப் பார்த்தா தெரிஞ்சுடாதா மாமா?"

"நின்னா தெரியும். நிக்காத வரைக்கும், அடுத்த நிமிஷம் நிக்குமான்னு எப்படித் தெரியும்?"

நம் ஊர்க் கதையே அதுதானே. பெருமாள் வராகமாகி அடியைத் தேடினார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடினார். எவ்வளவு தூரம் போனாலும், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. பெருமாள் திரும்பி வந்து முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா தாழம்பூவைச் சாட்சிக்கு வைத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

தொண்ணூறுகளில் ஒரு நாள் இரவு. வட்டி போடும் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அசைவே இல்லை. நள்ளிரவில் மேலதிகாரி போன் செய்து, "முடிஞ்சுதா?" என்றார். எப்படியும் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில், "முடிஞ்சுது சார்" என்றேன். பக்கத்தில் இருந்த இளம் ஆபரேட்டரையும் ஆமாம் சொல்லவைத்தேன். காலையில் பார்த்தால் அது ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. என் வார்த்தையை நம்பிக் கவுன்டர் திறந்துவிட்டார்கள். அன்று முழுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மெமோ வந்தது ஆபரேட்டருக்கு. நான் வாய் திறக்கவில்லை. சாபம் தாழம்பூவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பையன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அப்போ மேனேஜர்கிட்ட என்ன சொல்லட்டும் மாமா?"

"தெரியாதுன்னு சொல்லு. இத்தனை மணி வரைக்கும் பார்ப்போம், முடியலைன்னா நிறுத்திட்டுக் காரணம் தேடுவோம்னு சொல்லு. டூரிங்குக்கு அப்புறமும் உலகம் அப்படித்தான் வேலை பார்க்குது."

அவன் நடையைத் தொடர்ந்தான். நான் ஆட்டோ பிடித்தேன். வீட்டு வாசலில் தங்கை, "சுத்தி முடிச்சிட்டியா அண்ணா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பாதிகூட வரல. திரும்பிட்டேன்" என்றேன்.